மலைநாட்டு மங்கையரும் உலகக் கூடைப்பந்தும்

நம் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியில் சங்க நூல்களைப் பற்றியும் சமயச் சான்றோரைப் பற்றியும் எழுதுவோர் பலர். பந்தைப் பற்றி எழுதுவோர் அரியர். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் யாம் மகளிர் கூடைப்பந்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் புகுந்தோம் என்று கேட்ட அளவிலே விடுதித் தோழர் இருவர் வாய்விட்டு நகைத்தனர். "உமக்குப் பந்தைப் பிடிக்கவேனும் தெரியுமோ?" என்றும் வினவினர். தெரியாது என்பதே உண்மை. மூக்குக் கண்ணாடியும், மாடிப்படி ஏறினாலே இரைக்கும் மூச்சும் உடையோம் யாம். ஆயினும், ஆடத் தெரியாதவன் ஆட்டத்தைப் பற்றிப் பேசலாகாது என்று ஒரு விதி உண்டாயின், பாட்டுக் கட்டத் தெரியாத நாமெல்லாம் பாட்டைப் பற்றித் தேர்வு எழுதுவதும் தகாதன்றோ?

யாம் இங்கு எடுத்துக்கொண்டது, பத்தொன்பது வயதிற்குட்பட்ட மங்கையர்க்கென நடைபெற்று வரும் உலகக் கூடைப்பந்துப் போட்டியின் வரலாறாகும். அவ்வரலாற்றில் எம் மனத்தை முதற்கண் ஈர்த்தது ஒரு சிறு செய்தி. இப்போட்டி முதன்முதலாக 1985-ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாட்டின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் நகரில் நிகழ்ந்தது. அந்நகர் ராக்கி மலைத்தொடரின் அடியில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,840 மீட்டர் உயரத்தே அமைந்தது. எம் பிறப்பிடமாகிய பழனிமலைத் தொடரின் முடிமணியாய் விளங்கும் கொடைக்கானலோ 2,100 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தது. உலகத்து மங்கையர் முதன்முதல் கூடி ஆடிய களம் நம் கொடைக்கானலினும் தாழ்ந்ததோர் ஊர் என்றறிந்தபோது எமக்கு முதலில் நகைப்பும், பின்னர் நெஞ்சில் ஓர் உறுத்தலும் தோன்றின. அவ்வுறுத்தலே இக்கட்டுரைக்கு வித்து.

இவ்வாட்டம் பிறந்த கதையைப் பலரும் அறிவர். ஆதலின் சுருங்கச் சொல்லுதும். 1891-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளி ஆசிரியராகிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், பனிக்காலத்தில் வெளியே ஆடவியலாது சோம்பிக் கிடந்த மாணவர் பதினெண்மர்க்காக இதனை வகுத்தார். பீச்சுப்பழக் கூடைகள் இரண்டினைப் பத்தடி உயரத்து மாடத்தில் அறைந்து, கால்பந்தொன்றை அவற்றினுள் எறியச் செய்தார். விதிகள் பதின்மூன்றே. கூடை இன்று இரும்பு வளையமாயிற்று, பந்து மாறிற்று, ஆடுவோர் தொகை ஒன்பதினின்று ஐந்தாகக் குறைந்தது, அந்தப் பத்தடி உயரம் மட்டும் இன்றளவும் மாறவில்லை.

மகளிர் இவ்வாட்டத்திற்கு வந்தது பிற்காலத்தில் என்று பலர் கருதுகின்றனர். அது பிழை. மறு ஆண்டாகிய 1892-இலேயே, ஸ்பிரிங்பீல்டுக்கு அண்மையிலுள்ள நார்தாம்டன் நகரத்து ஸ்மித் மகளிர் கல்லூரியில், உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் என்னும் அம்மையார் இதனைத் தம் மாணவியர்க்குக் கற்பித்தார். 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முதலாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் எதிர்நின்று ஆடினர். ஆடவர் எவரும் உள்ளே விடப்பட்டிலர். ஆயின் அம்மையார், காலத்திற்கஞ்சியோ கருணை மிகுதியாலோ, விதிகளைத் திருத்தினார். களத்தை மூன்று கூறாக்கி, ஒரு கூற்றில் நிற்பவள் மற்றொரு கூற்றிற் புகலாகாது என்றார். பிறர் கைப்பந்தைப் பறித்தல் ஆகாது என்றார். பந்தை மூன்று நொடிக்கு மேல் வைத்திருத்தலும், மூன்று முறைக்கு மேல் தட்டிச் செல்லுதலும் ஆகா என்றார். மகளிர் உடம்பு மெல்லியது, ஓட்டம் அதற்குத் தீங்கு என்பது அக்காலத்து மருத்துவரும் பெரியோரும் கொண்டிருந்த எண்ணம். அவ்வெண்ணத்தினிடையே பெண்களை ஆடவேனும் விட்ட பெரன்சன் அம்மையாரை யாம் குறைகூற மாட்டோம். ஆனால் ஒரு காலத்துக்கு வாயிலாய் இருந்தது பிற்காலத்துக்குச் சுவராய் நின்றுவிட்டது. அமெரிக்காவின் அயோவா மாகாணத்துப் பள்ளிகளில், அறுவர் அறுவராய் நின்று, நடுக்கோட்டைக் கடவாமல் ஆடும் பழைய மகளிராட்டம் 1993-ஆம் ஆண்டு வரையில் நிலவிற்று.

பந்தாடும் பெண் நம் இலக்கியத்திற்குப் புதியவளல்லள். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிற் கந்துகவரி உண்டு; பெருங்கதையின் வத்தவ காண்டத்திற் பந்தடி கண்டது என ஒரு பகுதியே உண்டு; குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லி பந்தாடி வருதலைப் படித்து மகிழாத தமிழ் மாணவர் இலர். இவையனைத்தையும் நாம் பாடமாகப் படித்து, உரையெழுதி, மதிப்பெண்ணும் பெறுகின்றோம். இருந்தும், நம் தெருவிலே பதினாறு வயதுப் பெண்ணொருத்தி பந்தெடுத்து ஓடினால் திண்ணையிலிருப்போர் அனைவரும் தலைநிமிர்ந்து நோக்குகின்றனர். ஏட்டிற் பந்தாடினால் அது அணி. வீதியிற் பந்தாடினால் அது அடங்காமை போலும்!

இனி வரலாற்றைத் தொடர்வோம். 1932-ஆம் ஆண்டு ஜெனீவா நகரில் எட்டு நாடுகள் கூடி உலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தை நிறுவின. ஆடவர் கூடைப்பந்து 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் விழாவிற் சேர்க்கப்பட்டது. மகளிர்க்கு அவ்வாயில் திறக்கப்பட்டது 1976-இல், மான்ட்ரியல் நகரில். இடையே சென்றவை நாற்பது ஆண்டுகள். உலகப் போட்டியில் இடைவெளி இத்துணைப் பெரிதன்று: ஆடவர்க்கு 1950-இல் அர்ஜென்டினாவிலும், மகளிர்க்கு 1953-இல் சிலி நாட்டிலும் அது தொடங்கிற்று. இளையோர் போட்டியோ, ஆண் மக்கட்கு 1979-இல் பிரேசில் நாட்டிலும், பெண் மக்கட்கு ஆறாண்டு கழித்து முன்னர்க் கூறிய கொலராடோ ஸ்பிரிங்சிலும் தொடங்கிற்று. எங்கும் பெண்ணே பின்வருபவள். மேனாடுகளைப் பற்றி நாம் கொண்டுள்ள மயக்கத்தை இவ்வாண்டுக் கணக்கு சற்றே தெளிவிக்கும் என்று நினைக்கின்றோம்.

முதற்போட்டியில் வென்றது சோவியத் நாடு. 1989-இல் ஸ்பெயின் நாட்டுப் பில்பாவோ நகரில் நிகழ்ந்த இரண்டாம் போட்டியிலும் அந்நாடே வென்றது. மூன்றாம் போட்டி 1993-இல் சீயோலில் நிகழ்ந்தபோது வாகை சூடிய நாடே உலகப் படத்தில் இல்லை. அவ்வாண்டு ஆஸ்திரேலியா வென்றது. 1997-இல் பிரேசில் நாட்டு நாட்டால் நகரிலேதான் அமெரிக்கா முதன்முறை வென்றது. கூடைப்பந்தைப் பெற்றெடுத்த நாடு, தன் நிலத்திலேயே தொடங்கிய போட்டியில் வெல்லப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தது என்பது நினைவில் வைக்கத்தக்கது. 2001-இல் செக் நாட்டுப் பெண்கள் தம் நாட்டுப் பிர்னோ நகரிலேயே வென்றனர். அதன்பின் வரலாறு பெரும்பாலும் ஒருமுகமானது. 2005-இல் துனிசிலும், தொடர்ந்து பிராத்திஸ்லாவா, பாங்காக்கு, சிலி நாட்டுப் புவெர்த்தோ மொன்ட் முதலிய இடங்களிலும் அமெரிக்காவே வென்றது. 2017-இல் இத்தாலியின் ஊதினே நகரில் ரஷ்யா ஒருமுறை அதனைத் தடுத்தது. 2025-இல் மீண்டும் பிர்னோவில் நடந்த போட்டியோடு கூட்டிப் பார்ப்பின் இதுகாறும் நிகழ்ந்தவை பதினாறு. அவற்றுட் பதினொன்று அமெரிக்காவின் வெற்றி.

வென்றார் பெயரைக் காட்டிலும் எமக்கு முதன்மையாகத் தோன்றுவது ஆண்டு முறை. 2005 வரையில் இப்போட்டி நான்காண்டிற்கு ஒருமுறையே நிகழ்ந்தது. 1985-இல் பதினாறு வயதினளாய் அணியிற் சேராது நின்ற பெண், 1989-இல் இருபது வயதினளாய் வாயிலில் தடுக்கப்படுவாள். ஆற்றலிற் குறையன்று, பிறந்த ஆண்டிற் குறை. இவ்வநீதியைப் பிற்காலத்தார் உணர்ந்தனர் போலும். 2007 முதல் ஈராண்டிற்கொருமுறை நிகழ்த்துகின்றனர். 2010 முதல் பதினேழு வயதிற்குட்பட்ட மங்கையர்க்கும் தனிப்போட்டி ஏற்பட்டுள்ளது. கதவு எத்தனை முறை திறக்கப்படுகின்றது என்பதே நுழைவோர் தொகையை அறுதியிடும். இதனைப் பின்னரும் சொல்வோம்.

போட்டி நடந்த ஊர்களின் பட்டியல் ஓர் இலக்கிய மாணவனுக்கும் சுவை தருவது. 2015-இல் ரஷ்ய நாட்டில் இது நிகழ்ந்த சிற்றூரின் பெயர் செக்காவ். சிறுகதையுலகின் பேராசானாகிய அந்தோன் செக்காவின் பெயரை 1954-இல் அவ்வூர்க்கு இட்டனர். கதையாசிரியன் பெயர் தாங்கிய ஊரில் உலகத்து மங்கையர் பந்தாடினர்! 2013-இல் லித்துவேனியா நாட்டில் நிகழ்ந்தது. முன்னே கூறிய செண்டா பெரன்சன் அம்மையார் 1868-இல் பிறந்தது அந்நாட்டுச் சிற்றூர் ஒன்றிலேதான். இளம் பருவத்திலேயே அமெரிக்கா சென்றவர். அவர் வரைந்த கோடுகள் ஒன்றுமில்லாத களத்தில் அவர் பிறந்த மண்ணிலேயே பத்தொன்பது நாட்டுக் கதைகள் இல்லையெனினும் பத்தொன்பது வயதுப் பெண்கள் முழு நீளமும் ஓடினர்.

இப்பதினாறு போட்டிகளுள் எம் உள்ளத்தை மிகக் கவர்ந்தது வென்றவர் ஆட்டமன்று. 2021-இல் ஹங்கேரி நாட்டு டெப்ரெசன் நகரில் மாலி நாடு இறுதி நால்வருள் ஒன்றாய் நின்றதே. மாலி மேற்கு ஆப்பிரிக்காவில் கடலே காணாத நாடு. செல்வத்தில் உலகின் கடைநிலையிலுள்ள நாடுகளுள் ஒன்று. உள்நாட்டுப் போரால் அலைக்கழிக்கப்பட்ட நாடு. அந்நாட்டுப் பெண்கள் ஐரோப்பாவின் செல்வ நாடுகள் பலவற்றைப் பின்னிறுத்தி அரையிறுதி வரை வந்தனர். "நமக்குப் பொருளில்லை, ஆதலால் இயலாது" என்று கூறுவோர்க்கு இதனினும் சிறந்த விடை வேறில்லை. பொருளன்று தலையாயது, பெண் பிள்ளைகள் ஆடுவது இயல்பென்று ஊரார் கொள்ளுதலே தலையாயது.

அதே 2021-ஆம் ஆண்டுப் போட்டியிற் சிறந்த ஆட்டக்காரியாகத் தெரிந்தெடுக்கப்பட்டவர் அமெரிக்காவின் கெய்ட்லின் கிளார்க். அவர் அயோவா மாகாணத்தவர். மேலே யாம் குறிப்பிட்ட, நடுக்கோட்டைக் கடவாத ஆட்டம் நெடுங்காலம் நிலவிய அதே அயோவா. அவ்விதியைப் பழிப்பது எளிது. ஆயின் அம்மாகாணத்துச் சோள வயல்களினிடையே கிடந்த சிற்றூர்ப் பள்ளிகள் 1920 முதலே பெண்களுக்கென மாகாணப் போட்டி நடத்தி வந்தன. தந்தையும் தாயும் பாட்டனும் ஊர்க்கடையைச் சாத்திவிட்டு வந்து பார்த்தனர். கோடு குறுகியதாயிருந்தது, கூட்டம் பெரிதாயிருந்தது. கோட்டை அழித்தல் ஒரு நாளில் இயலும். பார்க்கும் கூட்டத்தை ஆக்குதல் மூன்று தலைமுறை வேலை.

நம் நாட்டு நிலையைக் காண்போம். ஆசிய நாடுகளின் இளையோர் போட்டி 1970-இல் சீயோலிற் பெண்களுக்கும் சேர்த்தே தொடங்கப்பட்டது. உலகப் போட்டிக்குச் செல்லும் வழி அதுவே. கொரியா, சீனம், ஜப்பான் ஆகியவற்றோடு இப்போது ஆஸ்திரேலியாவும் அவ்வழியிலேயே வருதலால் நெருக்கம் மிகுதி. 2007 முதல் இன்று வரை நிகழ்ந்த பத்தொன்பது வயதினர் உலகப் போட்டிகளுள் ஒன்றிலேனும் இந்தியப் பெண்கள் இடம்பெற்றிலர். ஆயினும் ஒளியே இல்லை என்று கூறற்க. 2017-இல் பெங்களூரில் நிகழ்ந்த பதினாறு வயதிற்குட்பட்ட ஆசிய மங்கையர் போட்டியின் இரண்டாம் பிரிவில் இந்தியா வென்றது. அவ்வாண்டிலேயே அந்நகரில் மூத்த மகளிரும் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் கசகஸ்தானை வென்றனர். இந்திய மகளிர் அணிக்கு ஆடியவருள் ஒருவர் நம் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை. பத்தொன்பதாம் வயதிலேயே இந்திய அணியின் தலைமையேற்றவர். 2021-இற் பத்மஸ்ரீ விருது பெற்றவர். பதினெட்டு வயதிற்குட்பட்டோர் ஆசியப் போட்டி 2018-இலும் 2022-இலும் அதே பெங்களூரில் நிகழ்ந்தது. திண்டுக்கல்லில் இரவுப் பேருந்து ஏறினால் விடியற்காலையிற் சென்று சேரும் தொலைவு.

இனி எம் மலைக்கு வருகின்றோம். கொடைக்கானல் வெள்ளையரால் ஊராக்கப்பட்ட இடங்களுள் தனித்தன்மை உடையது. 1845-இல் அங்கு முதல் வீடுகளைக் கட்டியவர் மதுரையிற் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிமார். சமவெளியின் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் தம் மக்களைப் பறிகொடுத்து மலையேறியவர். 1901-இல் மார்கரெட் எடி அம்மையார் பதின்மூன்று பிள்ளைகளோடு அங்கே தொடங்கிய பள்ளி இன்று கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாய் விளங்குகின்றது. அம்மையாரின் மகனார் ஷெர்வுட் எடி, இந்தியாவிற் கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பணிக்கென 1896-இல் வந்தவர். கூடைப்பந்தைப் பெற்றது அச்சங்கமே. அதனை நம் நாட்டில் வேரூன்றச் செய்ததும் அச்சங்கமே. ஸ்பிரிங்பீல்டிற் பயின்ற ஹாரி குரோ பக் என்பார் 1920-இற் சென்னையில் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரியினின்று வெளிப்போந்த ஆசிரியர்கள் இவ்வாட்டத்தை ஊர்தோறும் கொண்டு சென்றனர். 1984-இல், அஃதாவது மங்கையர் உலகப் போட்டிக்கு ஓராண்டு முன்னர், மகளிர்க்கெனவே அன்னை தெரசா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டுக் கொடைக்கானலைத் தலைமையிடமாகக் கொண்டது. மலையடிவாரத்துப் பெரியகுளத்திலோ, வெள்ளிவிழா விளையாட்டுக் கழகத்தார் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைக் காணக் கோடை இரவுகளில் ஊரே திரள்கின்றது. வங்கி அணிகளும் படைத்துறை அணிகளும் வந்து ஆடுகின்றன. அவையனைத்தும் ஆடவர் அணிகள்.

இத்தனை இருந்தும் மலைச்சிற்றூர்களின் பெண் பிள்ளைகள் எங்கே? பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் என்னும் ஊர்களின் பெயரைக் காப்பியோடும் மலைப்பூண்டோடும் உருளைக்கிழங்கோடும் சேர்த்துக் கேட்டிருக்கின்றோம். பந்தோடு சேர்த்துக் கேட்டிலோம்.

இவ்விடத்து எம் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல நேர்கின்றது. எம் சிற்றன்னையின் மகள், எம்மினும் ஈராண்டு இளையவள், எம் ஊர்ப் பள்ளியிலேயே பயின்றாள். நெடியவள், காப்பித் தோட்டத்துச் சரிவில் மூட்டை தூக்கும் தாயோடு ஏறியிறங்கி வளர்ந்தமையால் களைப்பறியாதவள். அப்பள்ளியில் வெடித்த சிமெண்டுத் தளமும், இரண்டு இரும்புக் கம்பங்களும், அவற்றுள் ஒன்றிற்கு மட்டும் வளையமும் இருந்தன. உடற்பயிற்சி ஆசிரியை ஒருவர் காலை ஏழு மணிக்கு வந்து பெண்களுக்கு ஆட்டம் பழக்கினார். 2022-ஆம் ஆண்டு எம் தங்கை மாவட்ட அணித் தேர்வுக்குத் திண்டுக்கல் சென்று, தேர்ந்தெடுக்கவும் பட்டாள். பயிற்சியோ பத்து நாள் மாலைவேளையில். பயிற்சி முடிந்து மலையேறும் பேருந்து இல்லை. திண்டுக்கல்லில் உறவினர் வீட்டில் தங்கலாம் என்று சிற்றன்னை சொன்னார், "வயது வந்த பிள்ளையை வேற்று வீட்டிலா?" என்று பாட்டியார் மறுத்தார். பேச்சு அங்கே முடிந்தது.

பின்னர் ஆசிரியை மாற்றலாகிச் சென்றார். பள்ளி ஆண்டு விழாவிற்குப் பந்தலிடக் கம்பங்களைப் பெயர்த்தனர். விழா முடிந்தும் நடவில்லை. வெறுந்தளத்தை மாலைதோறும் பிடித்துக்கொண்டு கிரிக்கெட்டு ஆடிய பையன்களுள் யாமும் ஒருவர். ஆடியதாகச் சொல்லுதல் மிகை, பந்து பொறுக்கினோம். எம் தங்கை இரண்டொரு நாள் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுச் சென்றாள். அவள் எதற்காக நின்றாள் என்று அன்று எமக்குத் தோன்றவேயில்லை. பிர்னோப் போட்டியின் செய்தியைப் படித்த மழைநாளிலேதான் தோன்றிற்று. குற்றம் பேருந்தினது, பாட்டியாரது, பள்ளியினது என்று பகிர்ந்துகொண்டே வந்தோம். எம் பங்கை ஒதுக்கிவைக்க இயலவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் கேட்போம். "மலைப் பெண்களுக்கு வேண்டுவது படிப்பு, பந்தன்று" என்பர். படிப்பை நிறுத்திவிட்டு ஆடுக என்று யாரும் சொல்லவில்லை. காலையில் ஒரு மணி ஆடியவள் வகுப்பில் தூங்கினாள் என்று எம் ஊரில் யாம் கேட்டதில்லை. ஆட்டம் நின்ற பின்னர்ப் பள்ளிக்கு வருவதையே நிறுத்திக்கொண்ட பெண்கள் இருவரை அறிவோம். "கூடைப்பந்து செல்வர் ஆட்டம்; நமக்குச் சடுகுடு போதும்" என்பர். சடுகுடு சிறந்த ஆட்டமே. அதனையும் ஆடுக. ஆனால் எது போதும் என்று பெண்ணிற்காகப் பிறர் முடிவுசெய்யும் வழக்கம் பெரன்சன் அம்மையார் காலத்திலேயே பழையது. "ஆற்றலுள்ள பிள்ளையை அரசாங்க விளையாட்டு விடுதியிற் சேர்த்துவிடலாமே" என்பாரும் உளர். இது தள்ளத்தக்க சொல்லன்று. விடுதிகளால் உயர்ந்தோர் பலர். ஆயினும் விடுதி, முளைத்த செடியைப் பெயர்த்துச் சென்று பேணும் இடம். முளைப்பதற்கு ஊரில் மண் வேண்டாவா? ஒருத்தி செல்வாள், அவளோடு ஆடிய மற்ற ஒன்பதின்மர்?

உண்மையில் மலைக்கு ஏற்ற ஆட்டம் இதுவே என்பது எம் துணிபு. மலையில் அரிய பொருள் சமநிலம். கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் ஏக்கர்க்கணக்கில் நிலம் வேண்டும். கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடையது. சுற்றிலும் இரண்டு மீட்டர் விட்டால் ஏறக்குறையப் பதினைந்து சென்ட். பூம்பாறைச் சரிவில் எம் முன்னோர் வெட்டிய படிநிலங்களைக் கண்டார்க்கு, பதினைந்து சென்டைச் சமன்செய்தல் மலைமக்கட்குப் புதுத்தொழிலன்று என்பது விளங்கும். மழையோ எம் பக்கத்தில் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் விடாது பெய்வது. மண்தரை நாட்கணக்கிற் சேறாகும். சிமெண்டுத் தளம் மழை விட்ட அரைமணியில் ஆடுதற்கு உதவும். மலைக்காற்று மெல்லியதாகலின் அங்கே ஓடிப் பழகிய உடம்பு குருதியில் வலிமை பெறுகின்றது என்று உடல்நூலார் கூறுவர். கொலராடோ ஸ்பிரிங்சில் அமெரிக்க ஒலிம்பிக் குழுவினர் பயிற்சி நிலையம் அமைத்து வீரரைப் பழக்குகின்றனர். எம் பெண்களுக்கு அந்நிலையம் பிறந்த வீட்டிலேயே இலவசமாய் வாய்த்திருக்கின்றது.

பழனிமலையைச் சூழ்ந்த நாடு கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகனது நாடு. மயில் குளிரால் நடுங்கிற்றென்று போர்வை ஈந்தவன் அவன். மயில் அதனைக் கேட்கவுமில்லை, உடுத்திருக்கவும் மாட்டாது. அவன் நாட்டிற் கிழிந்த கித்தான் செருப்போடு ஓடும் பெண்ணொருத்திக்கு ஓடுதற்குரிய காலணி ஒன்று வாங்கித் தருதல் அத்துணைப் பெருங்கொடையாகாது என்று நினைக்கின்றோம்.

நம் கல்லூரியார்க்கு எம் வேண்டுகோள் இரண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியே ஆண்டுதோறும் ஏழு நாள் ஓர் ஊரிற் சென்று தங்குகின்றோம். கோயிற்குளத்தைத் தூர்வாருகின்றோம், மரம் நடுகின்றோம், நட்ட மரத்தை மறுபடி சென்று பார்க்கின்றோமில்லை. வரும் ஆண்டு மலைச்சிற்றூர் ஒன்றிற் பதினைந்து சென்ட் நிலத்தைச் சமன்செய்து தளமிட்டு, இரண்டு கம்பங்களை, இரண்டிற்கும் வளையத்தோடு, நட்டு வருவோம். எம் ஊர்த் திருச்சபையார் ஆலயத்தின் பின்புறத்து நிலத்தைத் தர இசைந்துள்ளனர், கேட்டுவிட்டோம். மற்றொன்று: நம் கல்லூரிக் களம் மாலை நான்கு முதல் ஆறரை வரையில் ஆறு நாளும் ஆடவர் கையிலேயே இருக்கின்றது. மாணவியர்க்குக் காலையில் அரைமணி. வாரத்தில் இரண்டு மாலை அவர்க்கு விடுதல் வேண்டும். கதவு நான்காண்டிற்கொருமுறை திறப்பதற்கும் ஈராண்டிற்கொருமுறை திறப்பதற்கும் உள்ள வேறுபாட்டை முன்னர்க் கண்டோம். ஆடவர் கூடைப்பந்து அணித்தலைவர் எம் அறைத்தோழரே. இதனைப் படித்துச் சினங்கொள்ளார் என்று நம்புகின்றோம். கொள்ளினும் கொள்க. பழைய மாணவர் சங்கத்தாருட் பலர் இம்மலையில் தோட்டமும் விடுதியும் உடையவர். சிமெண்டு மூட்டைக்கு அவர்களைத் தனித்தனியே வந்து காண்போம்.

கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது, சிற்றன்னையின் வீட்டுப் பின்புறத்துச் சில்வர் ஓக்கு மரத்தில், அடியறுத்த நீல நிறப் பிளாஸ்டிக்கு வாளியொன்று ஆணியால் அறையப்பட்டிருக்கக் கண்டோம். எம் தங்கைக்கு இப்போது வயது பதினேழு. வத்தலக்குண்டில் ஒரு கடையிற் கணக்கெழுதக் கேட்டிருக்கின்றார்களாம், பொங்கல் கழித்துச் செல்லக்கூடும். "அண்ணா, சரியாகப் பத்தடி இருக்குமா?" என்று கேட்டாள். அளவு நாடாவைக் கொண்டுவந்து, ஏணி வைத்து ஏறி அளந்து பார்த்தோம். ஒன்பதடி நான்கங்குலம் இருந்தது. அன்று மாலையே ஆணியைப் பிடுங்கி எட்டங்குலம் உயர்த்தி அறைந்துவிட்டு வந்தோம்.